தர்பூசணி விழுங்கிய டீச்சர்

1913-ஆம் ஆண்டு நியூயார்க் நகரக் கல்வி வாரியம் ஒரு ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கியது. குற்றச்சாட்டு: கடமை தவறுதல். அவர் எந்தக் கடமையில் தவறினார் என்று பார்த்தால், குழந்தை பெற்றுக்கொள்வதற்காகச் சில மாதங்கள் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறார். அவ்வளவுதான்.

அவர் பெயர் பிரிட்ஜெட் பெய்ஷோட்டோ. பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பள்ளிக்குப் பொறுப்பாசிரியை. 18 வருஷ சர்வீஸ். 1912-இல் கல்யாணம், அடுத்த வருஷத் தொடக்கத்தில் விடுப்பு, ஏப்ரலில் குழந்தை. அதே ஏப்ரலில் சஸ்பென்ஷன், அக்டோபரில் டிஸ்மிஸ். அவர் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி சாமுவேல் சீபரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். உடம்பு சரியில்லை என்று வராத ஆசிரியருக்கு விடுப்பு உண்டு, பிரசவத்துக்கு வராதவர் மட்டும் எப்படிக் கடமை தவறியவர் ஆவார் என்பதுதான் வாதத்தின் சாரம். வாரியம் மேல்முறையீடு செய்து ஜெயித்தது. மேலும் மேலே போனபோது, இது எங்கள் வேலையில்லை, மாநிலக் கல்வி ஆணையரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1915 ஜனவரியில் ஆணையர் ஜான் ஃபின்லி அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிறது.

இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் உண்டு. ஹென்ரியட்டா ராட்மன், உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. வாரியத்தில் உள்ள கனவான்கள் புதிதாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள், தாய்மார்களைத் துரத்துவதுதான் அது என்று நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கிண்டல் கடிதம் எழுதினார். அந்தக் கல்வியாண்டின் மீதி நாட்களுக்கு அவருக்குச் சம்பளம் இல்லாத சஸ்பென்ஷன். குழந்தை பெற்றாலும் தண்டனை, அதைப் பற்றிக் கிண்டலாக எழுதினாலும் தண்டனை.

அதற்கு முன்னால் நியூயார்க்கில் கல்யாணமே குற்றமாக இருந்தது. ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் அவர் பதவி தானாகவே காலியாகிவிடும் என்று வாரியத்தின் விதி சொன்னது. மேரி மர்ஃபி என்ற புரூக்ளின் ஆசிரியை அதை எதிர்த்து 1904-இல் ஜெயித்தார். நகர சாசனத்தில் பதவி நீக்கத்துக்கான காரணங்கள் என்று சில இருக்கின்றன, அந்தப் பட்டியலில் கல்யாணம் இல்லையே என்று கேட்டார்கள் நீதிபதிகள். சரி, இருப்பவர்களை நீக்க முடியாது, புதிதாக எடுக்காமல் இருக்கலாமே என்று வாரியம் யோசித்தது. திருமணமான பெண்ணை வேலைக்கு எடுக்க வேண்டுமானால் அவள் கணவன் உடலாலோ மனதாலோ நோயுற்றுச் சம்பாதிக்க முடியாதவனாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது மூன்று வருஷமாக அவளைக் கைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஓடிப்போய் இரண்டரை வருஷம்தான் ஆகிறது என்றால் இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணும்.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மகன் பிறந்ததும் நின்றுவிட்டேன். நாலு வருஷம் கழித்து, அவன் எல்.கே.ஜி. போக ஆரம்பித்ததும், வேறொரு பள்ளியில் லீவ் வேகன்சியில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவு மிஸ் பிரசவத்துக்குப் போயிருந்தார், அவருக்குப் பதில் நான். பழைய பள்ளியில் நான் எடுத்த அதே பாடம், கையில் அதே பி.எட். சர்டிபிகேட். சம்பளம் மட்டும் பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மற்றவர்கள் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. எனக்கு ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, ஆபீஸ் அக்காவின் டிராயரில் இருந்து எடுத்துத் தருவார். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்: இந்த ஏற்பாட்டை யாராவது, எங்கேயாவது, ஒரு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டும் இல்லையா?

ஒரே இடத்தில் ஒரே நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சட்டமாக, ஆண்டு தேதியோடு தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குப் போக வேண்டும். மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட அந்தக் காலனி 1872-இலேயே இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விக்குச் சட்டம் போட்டது. உலகத்திலேயே முன்னோடிகளில் ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தால் அத்தனை வகுப்பறைக்கும் ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். பெண் ஆசிரியைக்கு ஆண் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே பெண்கள் நிறையவே சேர்க்கப்பட்டார்கள். பிறகு 1889-இல் பொதுப்பணிச் சட்டம் ஒன்று வந்தது. திருமணமான பெண்ணை அரசுப் பணியில் நியமிக்கக் கூடாது, பணியில் இருப்பவள் திருமணம் செய்தால் விலக வேண்டும். 1890-களில் பொருளாதாரம் சரிந்தபோது, அந்தச் சட்டத்துக்கு முன்பே கல்யாணமாகி வேலையில் இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆனால் கிராமத்துப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர ஆள் வேண்டுமே? தலைமை ஆசிரியரின் மனைவியே தையல் ஆசிரியை ஆனார், சொற்பச் சம்பளத்துக்கு. ஒரு ஊரில் ஆசிரியர் திடீரென்று காய்ச்சலில் படுத்தால், அதே தெருவில் கல்யாணத்துக்கு முன்பு பத்து வருஷம் பாடம் நடத்திய ஒரு பெண் இருப்பாள். அவளைக் கூப்பிடுவார்கள், தற்காலிகமாக. இரண்டாம் உலகப் போரில் ஆண் ஆசிரியர்கள் ராணுவத்துக்குப் போனபோது இப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் ஏராளம். போர் முடிந்து குழந்தைப் பிறப்பு பெருகி, வகுப்புகள் நிரம்பி வழிந்த 1950-களிலும் அவர்கள்தான் பள்ளிகளைத் தாங்கினார்கள். நேற்று வரை நிரந்தர ஆசிரியை, கல்யாணமானதும் ராஜினாமா, பிறகு தற்காலிக ஆசிரியையாக மறு நியமனம். கல்வித்துறை வெளியிட்ட ஆசிரியர் பட்டியல் ஒன்று உண்டு, யார் எந்தத் தரம், எந்த இடம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். தற்காலிகமானவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பதவி உயர்வு இல்லை, ஓய்வூதியம் இல்லை, வேண்டாம் என்றால் அன்றே போய்விட வேண்டும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். நமக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. அம்மாவாகிவிட்ட பெண்ணால் முழுநேர வேலை பார்க்க முடியாது, அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் பகுதிநேரமும் பதிலி வேலையும் வந்தன என்பார்கள். "உங்களுக்கும் கன்வீனியன்ட்தானே மிஸ்?" என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். விக்டோரியாவில் நடந்த வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் முழுநேர வேலையிலிருந்து சட்டம் போட்டு வெளியேற்றினார்கள். பிறகு அதே முழுநேர வேலையை, திங்கள் முதல் வெள்ளி வரை, அதே வகுப்பறையில் பார்க்க வைத்து, தற்காலிகம் என்று பெயர் வைத்தார்கள். வேலை குறையவே இல்லை, குறைந்தது உரிமைதான்.

மெல்பர்னின் தற்காலிக ஆசிரியைகள் 1950-களின் நடுவில் ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் தற்காலிக ஆசிரியர் கிளப். கிளப் என்றதும் சீட்டாட்டம் மாதிரி தோன்றுகிறது, ஆனால் பெரிய ஆசிரியர் சங்கங்கள் தங்கள் குரலைக் கண்டுகொள்ளாத நிலையில் இவர்களே மனு எழுதி, எம்.எல்.ஏ.க்களைப் பார்த்து, கூட்டம் போட்டார்கள். 1956-இல் சட்டம் மாறியது. திருமணமான பெண்ணும் நிரந்தர ஆசிரியை ஆகலாம். 1889-இலிருந்து எண்ணினால் 67 வருஷம்.

பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் இந்தத் தடையை 1932-இல் கொண்டுவந்தது. பொருளாதாரப் பெருமந்தம், ஆண்களுக்கே வேலையில்லை, ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளம் எதற்கு என்ற வாதம். கஷ்டத்தில் இருப்பதாக நிரூபித்தால் விலக்கு உண்டு. அதாவது கணவன் சம்பாதிக்க லாயக்கில்லை என்று ஒரு பெண் அதிகாரிக்கு எழுதித் தர வேண்டும். 1947-இல் அதையும் தூக்கினார்கள். அயர்லாந்தில் 1934-இல் வந்த தடை 1958 வரை நீடித்தது. பயிற்சி பெற்ற பெண்கள் வீட்டில் இருக்க, பயிற்சி இல்லாதவர்கள் வகுப்பில் நின்றார்கள், அது கட்டுப்படியாகாமல்தான் கல்வி அமைச்சர் ஜாக் லிஞ்ச் விதியை நீக்கினார். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முடித்துவைத்தது. ஒவ்வொரு இடத்திலும் ஆள் கிடைக்காமல் போனபிறகுதான் நியாயம் நினைவுக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்தத் தடைகளைக் கணக்கெடுத்தவர் கிளாடியா கோல்டின். 2023-இல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான். 1942-இல் அங்குள்ள பள்ளி மாவட்டங்களில் 87 சதவீதம் திருமணமான பெண்ணை வேலைக்கு எடுக்காது, 70 சதவீதம் இருப்பவள் திருமணம் செய்தால் வைத்துக்கொள்ளாது. அந்த எண்களைப் பார்த்துவிட்டு நம்மூர் பக்கம் திரும்பினேன்.

சென்னை மாகாணத்தில் அதே காலத்தில் கதை வேறு மாதிரி. பெண்களுக்குப் பள்ளி திறந்தால் பெண் ஆசிரியை வேண்டும். பெரியவளான பெண்ணை எந்தக் குடும்பமும் வெளியே அனுப்பாது. அப்புறம் யாரைப் பிடிப்பது? சகோதரி சுப்பலட்சுமி 1886-இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்தவர். 1911-இல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கி, பிராமணக் குழந்தை விதவைகளுக்காக ஒரு இல்லம் ஆரம்பித்தார். எழும்பூரில் தொடங்கிய அந்த இல்லம் பிறகு திருவல்லிக்கேணி கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளானார்கள். 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தபோது அவர்தான் முதல்வர்.

இதை நாம் பெருமையாகத்தான் சொல்கிறோம், சொல்லலாம். ஒரே ஒரு சாதிக்கான இல்லமாக அது இருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அதில் கண்ணில் பட்டது வேறொன்று. நியூயார்க்கில் கணவன் ஓடிப்போயிருந்தால் ஆசிரியை ஆகலாம். சென்னையில் கணவன் செத்துப்போயிருந்தால் ஆசிரியை ஆகலாம். பசிபிக்குக்கு அந்தப் பக்கமும் வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கமும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, கணவனும் குழந்தையும் வீட்டில் இருக்கிற ஒருத்தி பள்ளிக்கு ஆகமாட்டாள்.

அமெரிக்காவுக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது, தலைப்புக்காக. ஓஹையோ மாநிலம் கிளீவ்லண்ட் நகரக் கல்வி வாரியம் 1952-இல் ஒரு விதி எழுதியது. கர்ப்பிணி ஆசிரியை பிரசவ தேதிக்கு ஐந்து மாதம் முன்பே சம்பளமில்லாமல் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, அதற்கு அடுத்த செமஸ்டர் தொடங்கும் வரை திரும்ப வரக் கூடாது. ஜோ கரோல் லஃப்ளர் என்ற ஆசிரியை, எனக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, வருஷக் கடைசி வரை பாடம் எடுக்கிறேன் என்றார். முடியாது என்று 1971 மார்ச்சில் அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி எழுதப்பட்ட காலத்துக் கண்காணிப்பாளரை ஏன் இப்படி ஒரு விதி என்று விசாரித்தபோது, பிள்ளைகள் சிரிப்பார்கள், "எங்க டீச்சர் தர்பூசணிய முழுங்கிட்டாங்க" என்றெல்லாம் சொல்வார்கள் என்றார். தீர்ப்பின் அடிக்குறிப்பில் இது இருக்கிறது.

ஆனால் கோர்ட்டில் வாரியம் நம்பிச் சொன்ன காரணம் தர்பூசணி அல்ல, பதிலி ஆசிரியர். பாடம் தொடர்ச்சியாக நடக்க வேண்டும், மாற்று ஆள் தேட அவகாசம் வேண்டும், அதனால் முன்கூட்டியே போகச் சொல்கிறோம் என்றார்கள். நீதிபதிகள் இதைக் கட்டுடைத்த விதம் எனக்குப் பிடித்தது. செமஸ்டர் நடுவில் ஒருத்தியை இழுத்து வெளியே விட்டு, முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படித் தொடர்ச்சி ஆகும்? எப்போது போகிறேன் என்று முன்கூட்டியே அவளைச் சொல்லச் சொன்னால் போதாதா? 1974 ஜனவரியில் அந்த விதி விழுந்தது.

அதாவது பதிலி ஆசிரியை என்பவள் காலியிடத்தை நிரப்ப மட்டும் வருவதில்லை. இடத்தைக் காலி செய்யவும் அவளைக் காரணம் காட்டலாம். இது எனக்குப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். 2011-இல் 6, 2016-இல் 9, 2021 ஜூலையிலிருந்து 12 என்று வளர்ந்தது. நல்ல விஷயம், இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அந்தப் பன்னிரண்டு மாதம் வகுப்பில் யார் நிற்பது என்ற கேள்விக்குத்தான் அதே தெளிவோடு பதில் இல்லை. பல பள்ளிகளில் பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைக்கிறார், அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒருவரைப் போடுகிறது. "பி.டி.ஏ. டீச்சர்" என்பது நம்மூரில் ஒரு தனி ஜாதி மாதிரி. நிரந்தரக் காலியிடங்களுக்கே இதுதான் வழி. 2022-இல் 13,331 இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். தகுதித் தேர்வு எழுதிப் பாஸாகி வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2012-இல், 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல். வாரத்தில் மூன்று அரைநாள். மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. விக்டோரியாவின் தையல் டீச்சர் எனக்கு இங்கே திரும்ப வந்து நின்றார்.

தனியார் பள்ளியில் எண்களே வெளியே வராது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு 26 வாரம் ஆனது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் தகுதி. தற்காலிகம், தினக்கூலி என்பதெல்லாம் தடையில்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் இருந்த பெண் தொழிலாளர்களின் வழக்கில். ரோட்டில் மண் சுமந்த பெண்கள் வாங்கித் தந்த தீர்ப்பு அது. இருந்தும், தனியார் பள்ளி கல்லூரி ஆசிரியைகளை இந்தச் சட்டத்துக்குள் சேர்க்கக் கேரள அரசு சில வருஷம் முன்பு தனியாக அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது, "அப்படியா மிஸ், எண்பது நாள்தானா?" என்று நிரந்தரத்தில் இருந்தவர்களே கேட்டார்கள்.

நான் யாருக்குப் பதிலாகப் போனேனோ அந்த எட்டாம் வகுப்பு மிஸ் ஆறு மாத விடுப்பில் போயிருந்தார். மூன்றாம் மாத முடிவில் திரும்பி வந்துவிட்டார். ஏன் மிஸ் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். ஆபீஸிலிருந்து போன் வந்ததாம். "உங்க இடத்துல வந்திருக்கவங்க நல்லா பண்றாங்க, பேரன்ட்ஸுக்கும் பிடிச்சிருக்கு, நீங்க எப்ப வர்றீங்கன்னு சொல்லிட்டா நாங்க ஒரு முடிவு எடுக்கலாம்" என்றார்களாம். என்னிடம் யாரும் அப்படி நல்ல வார்த்தை சொன்னதில்லை. எனக்கு நிரந்தர வேலை தருவதாகப் பேச்சும் இல்லை.

அவருக்கு என்மேல் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இன்டர்வெல்லில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று லேப் பக்கம் இருந்த சின்ன அறைக்குப் போய்விட்டு வந்தார். கரெக்ஷன் பாதியில் நின்ற யூனிட் டெஸ்ட் கட்டை மேஜையில் வைத்து யார் மீதியைத் திருத்துவது என்று பேசினோம். நான் எடுத்துக்கொண்டேன், அவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை. சனிக்கிழமை மதியம் திருத்திய தாள்களைக் கொடுக்கப் போனபோது, ஆபீஸ் அக்கா நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு 19 நாள் சம்பளத்தைக் கவரில் தந்தார். அடுத்த பக்கத்தில் வேறொரு பெயர் எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்பு மிஸ் அடுத்த மாதம் லீவில் போகிறார்.